கோலம் போடுற பிள்ளைக்கு அல்ஜீப்ரா ஏன் வரமாட்டேங்குது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி வரப்போகுது, உங்க பத்திரிகையில இப்பவே கோலப்போட்டி அறிவிப்பு வர ஆரம்பிச்சிருச்சு. ஸ்கூல்ல கோலம், கோயில்ல கோலம், ஷாப்பிங் மால்ல கலர் அரிசிக் கோலம்னு இன்னும் கொஞ்ச நாளைக்கு தினமும் படம் போடுவீங்க, பாக்கவே சந்தோஷமா இருக்கும். அந்தக் கோலத்துக்குள்ள இருக்கற கணக்கைப் பத்தி யாராவது எழுதுவாங்களான்னு வருஷா வருஷம் பாக்கறேன், யாரும் எழுதல, அதான் நானே எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், தயவு செஞ்சு வெட்டாம போடுங்க.

நான் ஸ்கூல் டீச்சர் இல்ல. பினாங்குல ஆயர் ஈத்தாம் பக்கம் சாயங்காலத்துல தமிழ்ப்பள்ளி பிள்ளைங்களுக்கும் படிவம் 1, படிவம் 2 பிள்ளைங்களுக்கும் கணக்கு சொல்லித் தர்றேன். என்கிட்ட வர்ற பிள்ளைங்கள்ல நிறைய பேரு ஒரே இடத்துலதான் மாட்டிக்கறாங்க. தமிழ்ப்பள்ளியில எண் தோரணி பாடம் வரும், 3, 7, 11, அடுத்து என்னன்னு கோடு போட்டு விட்டிருப்பாங்க, பிள்ளை பட்டுனு 15ன்னு எழுதிரும், நாலு நாலா கூடுதுன்னு காரணமும் சொல்லும். சரி, அம்பதாவது எண் என்னன்னு கேட்டுப் பாருங்க, விரல் விட்டு கூட்ட ஆரம்பிக்கும், இல்லன்னா முழிக்கும். இடைநிலைப்பள்ளிக்கு போனா படிவம் 1-லயே அல்ஜீப்ரா கோவை, அதாவது 4n−1 மாதிரி எண்ணும் எழுத்தும் கலந்து எழுதறது, வந்துருது, படிவம் 2 புத்தகத்தைத் திறந்தா முதல் பாடமே தோரணியும் தொடரும்தான், அதுவும் மலாய்ல, திடீர்னு எண்ணு இருந்த இடத்துல ஒரு எழுத்து வந்து உக்காந்துக்குது, அது எதுக்கு வந்துச்சு யாரு கூப்பிட்டான்னு பிள்ளைக்கு ஒரு விளக்கமும் இல்ல, ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணுன்னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்கு போயிடறாங்க.

நாடு முழுக்க நிலைமை இப்படித்தான் இருக்குன்னு அனைத்துலக சோதனை முடிவுங்களும் காட்டுது. 15 வயசுப் பிள்ளைங்க எழுதுற பீசா சோதனையில மலேசியப் பிள்ளைங்களோட கணக்கு மதிப்பெண் 2018-ல 440, 2022-ல 409. படிவம் 2 பிள்ளைங்க எழுதுற டிம்ஸ் சோதனையில 2019-ல 461 இருந்தது 2023-ல 411-க்கு வந்துருச்சு. கோவிட் காலம் ஒரு காரணம்தான், நானும் மறுக்கல. ஆனா கோவிட்டுக்கு முன்னாடியும் இந்த எழுத்தைப் பாத்து பிள்ளைங்க பயந்துகிட்டுத்தான் இருந்தாங்க. பிள்ளைங்களுக்கு மூளை இல்லாம இல்லங்க. நாம சொல்லித் தர்ற வரிசை தலைகீழா இருக்கு, இதுதான் என் கருத்து. கோவையை முதல்ல குடுத்துட்டு அப்புறமா உதாரணம் காட்டறோம். முதல்ல பிள்ளை தன் கையால ஒரு பொருளை டிசைன் பண்ணணும், அதை தன் வழியில எண்ணணும், எப்படி எண்ணினேன்னு வாயால சொல்லணும், அந்தப் பேச்சை சுருக்கி எழுதறப்பதான் எழுத்து வரணும்.

எப்படின்னு கோலத்தை வெச்சே சொல்றேன்.

நம்ம வீட்டுல சாதாரணமா போடுற நேர்ப்புள்ளிக் கோலம், நடுவுல 7 புள்ளி, ரெண்டு பக்கமும் 5, 3, 1-ன்னு குறைஞ்சுகிட்டே போகும். நான் பிள்ளைங்களுக்கு குடுத்த வேலை இதுதான்: ரெண்டே ரெண்டு கலர் அரிசி, ஒவ்வொரு புள்ளியிலயும் ஒரு மூடி அளவு அரிசி வைக்கணும், பக்கத்துப் பக்கத்துல ஒரே கலர் வரக்கூடாது, மொத்தம் எத்தனை மூடி அரிசி வேணும், எந்தக் கலர் எவ்வளவுன்னு முதல்லயே எழுதிக் குடுத்தாத்தான் அரிசி கையில கிடைக்கும். தரையில உக்காந்து சாக்பீஸ்ல புள்ளி வெச்சாங்க. மொத்தம் 25-ன்னு எல்லாருக்கும் வந்துருச்சு, அது பெரிய விஷயம் இல்ல. எப்படி வந்துச்சுன்னு கேட்டேன் பாருங்க, அங்கதான் வகுப்பே ஆரம்பிச்சுச்சு.

ஒரு பையன் மேல இருந்து எண்ணினான், 1, 3, 5, 7 கூட்டினா 16, கீழ இருக்கற 5, 3, 1 கூட்டினா 9. ஆறாம் ஆண்டு படிக்கற பொண்ணு ஒன்னு கோலத்தை மூலையில இருந்து தலையைச் சாய்ச்சுப் பாத்துட்டு, டீச்சர் இதுல ரெண்டு சதுரம் இருக்குன்னு சொல்லிச்சு. மஞ்சள் புள்ளியை மட்டும் பாத்தா சாய்வா ஒரு 4-க்கு 4 சதுரம், பச்சையை மட்டும் பாத்தா அதுக்குள்ள ஒரு 3-க்கு 3 சதுரம். அப்போ மஞ்சள் 16 மூடி, பச்சை 9 மூடி. பையன் வந்த அதே 16, அதே 9, ஆனா ரெண்டு பேரும் பாத்த விதம் வேற வேற. இன்னொரு பிள்ளை நடுப்புள்ளியை தனியா எடுத்து வெச்சுட்டு, மிச்சத்தை நாலு முக்கோணமா பிரிச்சுது, ஒவ்வொன்னுலயும் 1, 2, 3-ன்னு 6 புள்ளி, நாலு ஆறு 24, நடுவுல 1, ஆக 25.

இப்ப நடுவுல 7-க்கு பதிலா 15 புள்ளி வெச்ச பெரிய கோலம் போடணும், மால்ல போடுவாங்கல்ல அந்த மாதிரி, எவ்வளவு அரிசி வாங்கணும்னு கேட்டேன். தரையில இடம் இல்ல, சாக்பீஸும் தேஞ்சு போச்சு, வரைஞ்சு எண்ண முடியாது. அந்தப் பொண்ணு தயங்கவே இல்ல, ஓரத்துல 8 வரும், எட்டெட்டு 64, ஏழேழு 49, மொத்தம் 113-ன்னு சொல்லிருச்சு. 8 எப்படி வந்துச்சும்மான்னு கேட்டா, மேல இருந்து நடு வரிசை வரைக்கும் எத்தனை வரிசையோ அதுதான் டீச்சர்ங்குது. அப்போ எத்தனை வரிசையா இருந்தாலும் உன் வழி செல்லுமான்னு கேட்டேன், செல்லும்னு சொல்லுது, சரி அதை எல்லா வரிசைக்கும் சேத்து ஒரே தடவை எழுது பாப்போம்னு சொன்னப்பதான் n வந்துச்சு. n-ஐ n-ஆல பெருக்கு, ஒன்னு குறைச்சதை ஒன்னு குறைச்சதால பெருக்கு, ரெண்டையும் கூட்டு. நாலு முக்கோணமா பிரிச்ச பிள்ளை 2n(n−1)+1-ன்னு எழுதிச்சு, கொஞ்சம் உதவி பண்ணினேன், முக்கோணத்துல எத்தனை புள்ளின்னு கண்டுபிடிக்க ரெண்டு முக்கோணத்தை ஒட்ட வெச்சு காட்டினேன். அப்புறம் சண்டை, உன்னோடதுதான் தப்பு என்னோடதுதான் சரின்னு. n-க்கு 4 போட்டுப் பாத்தாங்க, 5 போட்டுப் பாத்தாங்க, ரெண்டுலயும் 25, ரெண்டுலயும் 41. படிவம் 2 பையன் ஒருத்தன் அடைப்புக்குறியை விரிச்சு ரெண்டும் 2n²−2n+1-தான்னு எழுதிக் காட்டினதும் சத்தம் அடங்குச்சு. அடைப்புக்குறியை எதுக்கு விரிக்கணும், எதுக்கு சுருக்கணும்னு அவனும் அன்னைக்குத்தான் ஒரு காரணத்தோட செஞ்சான், ஸ்கூல்ல அதை அவன் எத்தனையோ தடவை செஞ்சிருக்கான்.

இடுக்குப்புள்ளிக் கோலமும் இதே மாதிரிதான், அதுல ஒரு வரிசைப் புள்ளி அடுத்த வரிசைப் புள்ளிங்களோட இடுக்குல வரும், ஒன்னு ஒன்னா குறையும், நடுவுல 7-ல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் 4-ல முடியறது 37 புள்ளி, 9-ல ஆரம்பிச்சு 5-ல முடியறது 61. நேர்ப்புள்ளியில நடுவுல 11 வெச்சாலும் அதே 61தான் வரும், வேணும்னா வீட்டுல வெச்சுப் பாருங்க. அதே 61 மூடி அரிசியில ரெண்டு வேற கோலம், டிசைன் பண்ற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா.

கோலத்தையும் கணக்கையும் நானா முடிச்சுப் போடறேன்னு நினைக்காதீங்க. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில பேராசிரியரா இருந்த கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவி ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் 1974-லயே கோலத்தை கம்ப்யூட்டர் மொழியோட இலக்கணத்துல வெச்சு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்காங்க. சின்ன கோலத்துல இருந்து பெரிய கோலம் எந்த விதியில வளருதுங்கறதை எழுத்தால எழுத முடியும்னு காட்டினாங்க. அதைப் பிள்ளைங்க லெவலுக்கு இறக்கிக் கொண்டு வர்றதுக்கு நமக்கு ஒரு தடையும் இல்ல.

எல்லாப் பிள்ளைக்கும் கோலம் பிடிக்கும்னு சொல்லமாட்டேன். சில பிள்ளைங்க பக்கத்துலயே வராது. அவங்களுக்கு பாலம் இருக்கு. பினாங்குல பொறந்த பிள்ளைக்கு பாலத்தைப் பத்தி சொல்லவா வேணும், 1985-ல திறந்த முதல் பாலம், 2014-ல திறந்த 24 கிலோமீட்டர் ரெண்டாவது பாலம், ரெண்டுலயும் போய் வந்திருக்கும். ஐஸ்கிரீம் குச்சி 50 இருக்கற பாக்கெட் ஒன்னு, க்ளூ கன் ஒன்னு, அவ்வளவுதான் சாமான். முக்கோணம் முக்கோணமா சேத்து பக்கச் சுவர் கட்டணும், ரெண்டு சுவர், நடுவுல குறுக்குக் குச்சி. பாலம் எவ்வளவு நீளம் வேணும்னு அவங்களே முடிவு பண்ணலாம், ஆனா ஒட்டறதுக்கு முன்னாடி எத்தனை குச்சி வேணும்னு எழுதிக் காட்டணும், இது மட்டும்தான் கண்டிஷன்.

ஒரு பக்கச் சுவர்ல கீழ ஒரு குச்சி நீளம்னா 3 குச்சி, ரெண்டுன்னா 7, மூணுன்னா 11. மேல சொன்னேன்ல, ஒர்க்‌ஷீட்ல கோடு போட்டு விட்டிருந்த அதே 3, 7, 11. ஒர்க்‌ஷீட்ல அம்பதாவது எண் கேட்டா முழிச்ச பிள்ளை இங்க முழிக்கல, ஏன்னா அந்த 4 எங்கிருந்து வருதுன்னு அது கையாலயே ஒட்டுது. கீழ ஒன்னு, சாய்வா ரெண்டு, மேல ஒன்னு, ஆக நாலு, கடைசி முக்கோணத்துக்கு மட்டும் மேல குச்சி வேண்டாம், அதனால ஒன்னு குறையுது, கீழ n குச்சி நீளம்னா 4n−1. ரெண்டு சுவருக்கு 8n−2. குறுக்குக் குச்சி கீழ n+1, மேல n. எல்லாத்தையும் கூட்டினா 10n−1. அப்போ 50 குச்சியில அஞ்சு குச்சி நீளத்துக்கு பாலம் கட்டலாம், 49 போயிடும், ஒன்னு மிஞ்சும். ரெண்டு பாக்கெட் வாங்கினா பத்து குச்சி நீளம், அதுலயும் ஒன்னு மிஞ்சும். ஏன் டீச்சர் எப்பவும் ஒன்னே ஒன்னு மிஞ்சுதுன்னு ஒரு சின்னப் பையன் கேட்டான். நான் பதில் சொல்லல, பாலத்தைக் கையில குடுத்து, எங்க குறையுது எங்க கூடுதுன்னு நீயே தேடுன்னு விட்டுட்டேன். ரெண்டு சுவர்லயும் மேல ஒவ்வொரு குச்சி குறையுது, கடைசியில குறுக்க ஒரு குச்சி கூடுதுன்னு விரலால தொட்டுத் தொட்டு காட்டினான். கழித்தல் ரெண்டு, கூட்டல் ஒன்னு, கழித்தல் ஒன்னு. படிவம் 1-ல குறி எண்ணுன்னு சொல்லி மண்டையை உடைச்சுக்கறோமே, அது அவன் விரல் நுனியில இருந்துச்சு.

இது மாதிரி இன்னும் எத்தனையோ செய்யலாம். ஜார்ஜ்டவுன் கடைவீட்டு காக்கி லீமாவுல, அதான் கடை முன்னாடி கூரை போட்ட நடைபாதையில, பழைய டைல்ஸ் பாத்திருப்பீங்க, நடுவுல பூ டைல், சுத்தி பார்டர் டைல். கட்டம் போட்ட தாள்ல பிள்ளைங்க சொந்தமா ஒரு தரை டிசைன் பண்ணலாம், நடுவுல பக்கத்துக்கு n டைல் இருந்தா பார்டருக்கு 4n+4 வேணும், மூலை நாலையும் தனியா எண்ணுற பிள்ளை ஒரு மாதிரி எழுதும், பெரிய சதுரத்துல இருந்து சின்ன சதுரத்தைக் கழிக்கற பிள்ளை வேற மாதிரி எழுதும். கல்யாண வீட்டுத் தோரணம், லிட்டில் இந்தியா கடையில கட்டுற செவ்வந்தி மாலை, கெத்துபாட் சோத்துக்கு ஓலை பின்னுறது, எதை எடுத்தாலும் திரும்பத் திரும்ப வர்ற ஒரு துண்டும், ஆரம்பத்துலயோ முடிவுலயோ மட்டும் வர்ற ஒரு துண்டும் இருக்கும். அந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா கோவை தானா வந்துரும்.

ஒரு விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருக்கணும். வெறும் நம்பரை மட்டும் பாத்து தோரணி சொல்றது ஆபத்து. இதைப் புரிய வைக்க நான் ஒரு பலகையில வட்டமா ஆணி அடிச்சு நூல் கட்டச் சொல்லுவேன், ஒவ்வொரு ஆணியில இருந்தும் மத்த எல்லா ஆணிக்கும் நூல் போகணும், வட்டம் எத்தனை துண்டா பிரியுதுன்னு எண்ணணும். ரெண்டு ஆணிக்கு 2 துண்டு, மூணுக்கு 4, நாலுக்கு 8, அஞ்சுக்கு 16. ஆறு ஆணிக்கு என்னன்னு கேட்டா பிள்ளைங்க, பெத்தவங்க, வந்திருக்கற தாத்தா பாட்டி எல்லாரும் 32-ன்னுதான் சொல்லுவாங்க. கட்டி எண்ணினா 31தான் வரும், ஆணியை சரிசமமா அடிச்சிருந்தா நடுவுல மூணு நூல் ஒரே இடத்துல சேந்து 30 ஆயிரும். அன்னைக்கு முகத்தைப் பாக்கணும் நீங்க, திரும்பத் திரும்ப எண்ணுவாங்க. நாலு நம்பரைப் பாத்து அஞ்சாவது நம்பரை ஊகிக்கறதையே எண் தோரணின்னு நெனச்சுகிட்டிருந்த பிள்ளை, பொருள் எப்படி வளருதுன்னு பாக்கணும்ங்கறதை அந்தப் பலகையில இருந்துதான் கத்துக்குது. ஒர்க்‌ஷீட்ல இதை சொல்லித் தரவே முடியாது.

பெத்தவங்க என்கிட்ட நேரா கேக்கறது உண்டு, டியூஷனுக்கு காசு கட்டறோம், நீங்க குச்சி ஒட்ட வெச்சுகிட்டு இருக்கீங்க, பயிற்சி எப்ப செய்வாங்கன்னு. நியாயமான கேள்விதான். பயிற்சி வேணும், நானும் குடுக்கறேன், கையால செஞ்சதுக்கு அப்புறம் குடுக்கறேன், அவ்வளவுதான். சிங்கப்பூர்ல முதல்ல பொருள், அப்புறம் படம், அப்புறம் எழுத்துங்கற வரிசையிலதான் 1980-கள்ல இருந்து தொடக்கப்பள்ளி கணக்கை நடத்தறாங்க, அவங்க பிள்ளைங்க கணக்குல எந்த இடத்துல இருக்காங்கன்னு ஊருக்கே தெரியும். நம்ம நாட்டுலயும் ஆறாம் ஆண்டு அரசாங்கச் சோதனை யுபிஎஸ்ஆர் 2021-லயே போயிருச்சு, படிவம் 3 சோதனை பிடி3 2022-ல போயிருச்சு. சோதனைக்கு நேரம் பத்தாதுன்னு பழைய காரணத்தையே சொல்லிகிட்டு இருக்க வேண்டாம்னு நினைக்கறேன்.

அதோட ஒரு வருத்தத்தையும் சொல்லிடறேன். நாலாம் ஆண்டுல இருந்து ஆறாம் ஆண்டு வரைக்கும் வடிவமைப்பும் தொழில்நுட்பமும்னு ஒரு பாடம் இருக்கு, ஆர்பிடின்னு சொல்லுவாங்க, இடைநிலைப்பள்ளியிலயும் தொடருது. பிள்ளை டிசைன் பண்ணணும், வரையணும், அளவு எடுக்கணும், செஞ்சு காட்டணும்ங்கறதுதான் அந்தப் பாடமே. ஆனா நான் பாக்கற பல வீட்டுல அந்த ப்ராஜெக்டை ராத்திரி பத்து மணிக்கு அம்மாவோ அப்பாவோ ஒட்டிகிட்டு இருக்காங்க, பிள்ளை தூங்கிருது, காலையில அழகா ஒரு பொருள் ஸ்கூலுக்கு போகுது, மார்க்கும் வருது. கணக்கு ஒரு பக்கம் கையில பொருள் இல்லாம நிக்குது, ஆர்பிடி இன்னொரு பக்கம் கணக்கு இல்லாம நிக்குது, ரெண்டும் ஒரே ஸ்கூல்ல, சில சமயம் ஒரே டீச்சர்கிட்டதான் இருக்கு. ரெண்டையும் வருஷத்துக்கு ரெண்டே ரெண்டு ப்ராஜெக்டுல சேத்தாக்கூட போதும். பொருள் அழகா இருக்கான்னு பாக்கறதை விட, செய்யறதுக்கு முன்னாடி பிள்ளை எழுதின கணக்குத் தாளுக்கு அதிக மார்க் குடுங்க, அப்ப வீட்டுல யாரும் செஞ்சு குடுக்க முடியாது, ஏன் இப்படி எழுதினேன்னு டீச்சர் கேட்டா பிள்ளைதானே பதில் சொல்லணும்.

டீச்சருங்க மேல நான் பழி போடல. அவங்களுக்கு இருக்கற பேப்பர் வேலையை நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். பாதி வகுப்பு சத்தமா இருக்கும், குச்சி சிதறும், அரிசி கொட்டும், ஒருத்தரா சமாளிக்க முடியாது. அதனாலதான் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைக் கேக்கறேன், விளையாட்டுப் போட்டிக்கு வந்து கூடாரம் கட்டிக் குடுக்கற பெத்தவங்க நாலு பேரு இந்த வகுப்புக்கும் வந்து உக்காரலாம். கோலம் போடத் தெரிஞ்ச பாட்டி, டைல்ஸ் ஒட்டற வேலை பாக்கற அப்பா, மாலை கட்டற அக்கா, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில டெக்னீஷியனா இருக்கற மாமா, இவங்கள விட நல்ல உதவியாளர் வேற யாரும் கிடைக்கமாட்டாங்க. இவங்க எல்லாருமே தினமும் கோவை போட்டுத்தான் வேலை பாக்கறாங்க, எழுதறது மட்டும்தான் இல்ல.

2027-ல புதுப் பாடத்திட்டம் வரப்போகுதுன்னு கல்வி அமைச்சு சொல்லியிருக்கு. அது வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. இந்த நாட்டுல தமிழ் வகுப்பு முதல்ல ஆரம்பிச்சதே 1816-ல இங்க பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்லதான், இந்த மாநிலத்துல மட்டும் 28 தமிழ்ப்பள்ளி இருக்கு, ஒரு நாலு ஸ்கூல் இந்த தீபாவளிக்கே ஆரம்பிச்சாலும் மத்தவங்க பாத்து செய்வாங்க.

கோலப்போட்டி நடத்தறவங்களுக்கு என் வேண்டுகோள் இது. கோயிலோ மாலோ ஸ்கூலோ எதுவா இருந்தாலும் சரி, போட்டிக்கு வர்ற ஒவ்வொரு பிள்ளைங்க குழுவும் கோலம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு மணிலா அட்டையில, மொத்தம் எத்தனை புள்ளி, ஒவ்வொரு கலரும் எவ்வளவு, இன்னும் ஒரு வரிசை கூட்டினா எவ்வளவு ஆகும், இதை எழுதி ஒட்டணும்னு ஒரு விதி சேருங்க. நூறு மார்க்குல இருபது மார்க் அதுக்கு ஒதுக்குங்க. நடுவருங்க சுத்தி வர்றப்ப பிள்ளைகிட்ட நின்னு ஒரு கேள்வி கேளுங்க, எப்படிம்மா எண்ணுனன்னு.

ஆசிரியர் ஐயா, உங்ககிட்டயும் ஒன்னு கேக்கறேன். மாணவர் பக்கத்துல வாரம் ஒரு கோலமோ தோரணமோ மாலையோ படம் போட்டு, இது பத்தாவது தடவை எத்தனை, நூறாவது தடவை எத்தனை, நீ எப்படி எண்ணுன-ன்னு கேளுங்க. விடையை மட்டும் கேக்காதீங்க, எண்ணுன வழியைக் கேளுங்க, அடுத்த வாரம் வேற வேற வழியில எண்ணுன மூணு பிள்ளைங்களோட பதிலைப் பக்கத்துப் பக்கத்துல போடுங்க. முதல் சில வாரத்துக்கு படமும் கேள்வியும் நானே தயார் பண்ணி அனுப்பறேன், காசு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டீச்சர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.